கடன் யார் பெயரில், பணம் யார் கையில்?



இந்தப் பேச்சு ஐந்து டாக்காவில் தொடங்குகிறது. 1976-ஆம் ஆண்டு. வங்கதேசத்தில் சிட்டகாங் பல்கலைக்கழகத்தை ஒட்டிய ஜோப்ரா என்ற சிற்றூர். மண் வீட்டு முற்றத்தில் ஒரு பெண் குந்தி உட்கார்ந்து மூங்கில் முக்காலி முடைந்துகொண்டிருக்கிறார். பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் கற்பிக்கும் பேராசிரியர் முகமது யூனுஸ் அவரிடம் கணக்குக் கேட்கிறார். மூங்கில் வாங்க ஐந்து டாக்கா வேண்டும். கையில் இல்லாததால் வியாபாரி கொடுக்கிறார். முடைந்த முக்காலியை அவரிடமே, அவர் சொன்ன விலைக்கே விற்றாக வேண்டும். அந்த விலை ஐந்து டாக்கா ஐம்பது காசு. நாள் முழுக்க விரல் தேய உழைத்ததற்கு மிச்சம் ஐம்பது காசு.

1974-இல் வங்கதேசத்தைப் பஞ்சம் வாட்டியபோது மக்கள் பட்டினியால் மடிந்ததை யூனுஸ் கண்ணால் பார்த்திருந்தார். வகுப்பறையில் தாம் நடத்தும் பாடத்தில் இந்தப் பெண்ணின் ஐந்து டாக்காவுக்கு இடமே இல்லை என்பது அவரை உறுத்தியது. இப்படிக் கட்டுண்டு கிடப்பவர்கள் எத்தனை பேர் என்று பட்டியல் எடுக்கச் சொன்னார். 42 பேர் தேறினார்கள். அத்தனை பேருக்கும் சேர்த்துத் தேவைப்பட்டது 856 டாக்கா, அன்றைய மதிப்பில் 27 டாலர். தம் பையிலிருந்தே எடுத்துக் கொடுத்தார். பொருளை யாருக்கு விற்பது என்பது இனி அவர்கள் விருப்பம்.

அந்தப் பெண்ணுக்குத் தொழில் தெரிந்திருந்தது. உழைப்புக்கும் குறைவில்லை. கடனும்கூட நாள்தோறும் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. கடனோடு ஒட்டிக்கொண்டு வந்த நிபந்தனைதான் அவரை எழவிடாமல் அழுத்தியது. நுண்கடனின் அரை நூற்றாண்டு வரலாற்றை எடைபோட அந்த முற்றத்திலிருந்தே மூன்று கேள்விகள் கிடைக்கின்றன. கடன் யார் பெயரில்? பணம் யார் கையில்? நிபந்தனை விதிப்பது யார்?

வங்கிகளிடம் போனபோது யூனுஸுக்குக் கிடைத்த பதில் எல்லா நாட்டு ஏழைகளுக்கும் தெரிந்ததுதான். அடமானம் இல்லை, எழுத்தறிவு இல்லை, திருப்பிக் கட்ட மாட்டார்கள். கடைசியில் ஜனதா வங்கி, அவரே ஜாமீன் நிற்பதாக எழுதிக்கொடுத்த பிறகு பணம் கொடுத்தது. 1979-இல் திட்டம் டாங்காயில் மாவட்டத்துக்கு விரிந்தது. 1983 அக்டோபரில் கிராமீன் வங்கி தனிச் சட்டத்தின்கீழ் முழு வங்கியாக எழுந்தது.

அதன் அமைப்பு எளிமையானது. ஐந்து பேர் சேர்ந்தால் ஒரு குழு. பல குழுக்கள் சேர்ந்தால் ஒரு மையம். வாரம் ஒருநாள் மையத்தில் கூடுவார்கள். வங்கி ஊழியர் அங்கே வந்து எல்லோர் முன்னிலையிலும் பணத்தை எண்ணி வாங்குவார். தொடக்கத்தில் குழுவில் முதலில் இருவருக்குக் கடன் கிடைக்கும். அவர்கள் ஒழுங்காகக் கட்டினால் அடுத்த இருவருக்கு. குழுத் தலைவிக்குக் கடைசியில். வங்கியின் வாசலை மிதிக்கத் தயங்கியவர்களிடம் வங்கியே நடந்து வந்தது. நிலப் பத்திரம் இருக்க வேண்டிய இடத்தில் அண்டை வீட்டாரின் அறிமுகம் இருந்தது.

முதல் ஆண்டுகளில் ஆண்களும் கடன் வாங்கினார்கள். பெண்களைத் தேடிச் செல்வதுதான் கடினமாக இருந்தது. பர்தா வழக்கத்தில் வாழ்ந்த பல பெண்கள் அன்னிய ஆணிடம் பேசமாட்டார்கள். பணத்தைத் தொட்டே பழக்கமில்லாதவர்களும் இருந்தார்கள். ஆனால் பெண்ணின் கைக்குப் போன பணம் பிள்ளைகளின் சோற்றுக்கும் கூரைத் தகரத்துக்கும் போனதை வங்கி கண்டது. தவணையும் தவறவில்லை. இன்று கிராமீன் வங்கியில் கடன் வாங்குவோரில் 97 சதவீதத்துக்கு மேல் பெண்கள்.

கடன் வாங்கியவர்களே அந்த வங்கியின் பங்குகளில் பெரும்பகுதியை வைத்திருந்தார்கள் என்பதும், இயக்குநர் குழுவில் ஒன்பது இடங்களுக்குத் தங்களுக்குள்ளிருந்தே ஆட்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள் என்பதும் பலருக்குத் தெரியாது. 2006-இல் அமைதிக்கான நோபல் பரிசு யூனுஸுக்கும் கிராமீன் வங்கிக்கும் பாதிப் பாதியாகக் கொடுக்கப்பட்டது. வங்கியின் சார்பில் ஆஸ்லோ மேடையேறியவர் தஸ்லிமா பேகம். 1992-இல் தம் முதல் கடனில் ஓர் ஆடு வாங்கி, பிறகு உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு இயக்குநர் குழுவுக்கு வந்தவர் அவர்.

ஜோப்ராவுக்கு முன்பே இந்தியாவில் இன்னொரு கதை நடந்துவிட்டது. அகமதாபாத்தில் தலைச்சுமை தூக்குவோர், கைவண்டி இழுப்போர், பழந்துணிக்குப் பாத்திரம் விற்போர் எனப் பெண் தொழிலாளர்களைத் திரட்டி இலா பட் 1972-இல் 'சேவா' சங்கத்தைத் தொடங்கினார். கந்துவட்டியின் பிடியைப் பற்றிய பேச்சு வந்தபோது, நமக்கென்று ஒரு வங்கி இருந்தால் என்ன என்று உறுப்பினர்கள் கேட்டார்கள். ஆளுக்குப் பத்து ரூபாய் வீதம் 4,000 பெண்கள் பங்குத்தொகை போட்டார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் எப்படி வங்கி நடத்துவார்கள் என்று பதிவு செய்யும் இடத்தில் தடை எழுந்தபோது, வங்கியை முன்னின்று தொடங்கிய பெண்கள் இரவெல்லாம் விழித்திருந்து பெயரெழுதப் பழகினார்கள். 1974-இல் சேவா வங்கி பிறந்தது. எழுதத் தெரியாதவர்களுக்குப் புகைப்படமே அடையாளமானது.

சென்னையில் 1978-இல் ஜெயா அருணாசலம் தொடங்கிய உழைக்கும் மகளிர் அமைப்பும் இதே வேரில் முளைத்ததுதான். குப்பங்களில் மீனும் காய்கறியும் பூவும் விற்ற பெண்களுக்கு வங்கிக் கடன் வாங்கித் தரும் முயற்சியில் தொடங்கி, சில ஆண்டுகளிலேயே பெண்களின் சொந்தக் கூட்டுறவுக் கடன் சங்கமாக அது வளர்ந்தது.

பிறகு வந்தது தருமபுரி. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-இல் அமைக்கப்பட்டிருந்தது. பன்னாட்டு வேளாண் மேம்பாட்டு நிதியத்தின் உதவியோடு 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் சுய உதவிக் குழுக்கள் கட்டப்பட்டன. 1992-இல் ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. 1997-98-இல் 'மகளிர் திட்டம்' தமிழகத்தின் மற்ற மாவட்டங்களுக்கும் பரவத் தொடங்கியது.

இங்கே ஒரு வேறுபாட்டை நிதானமாகப் பார்க்க வேண்டும். கிராமீன் முறையில் கடன் முதலில் வந்தது. நம் குழுக்களில் சேமிப்பு முதலில் வந்தது. பன்னிரண்டிலிருந்து இருபது பெண்கள் சேர்ந்து மாதம் ஐம்பதோ நூறோ சந்தா போடுகிறார்கள். சேர்ந்த பணத்தைத் தங்களுக்குள் உள்கடனாகக் கொடுக்கிறார்கள். யாருக்கு முதலில், எவ்வளவு, எத்தனை வட்டி என்பதைக் கூட்டத்தில் பேசித் தீர்மான நோட்டில் எழுதுகிறார்கள். நூற்றுக்கு ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ மாத வட்டி என்றாலும், அந்த வட்டி எங்கும் போவதில்லை. குழுவின் கணக்குக்கே திரும்புகிறது. ஆறு மாதமோ மேலாகவோ இப்படிப் பழகிய பிறகுதான் வங்கி இணைப்பு.

இதன் அருமை தண்டல்காரரின் கணக்கோடு ஒட்டிப் பார்த்தால் தெரியும். பத்தாயிரம் கடன் என்பார். ஆயிரத்து ஐந்நூறைப் பிடித்துக்கொண்டு 8,500 கொடுப்பார். நாளுக்கு நூறு வீதம் நூறு நாளில் பத்தாயிரம் கட்ட வேண்டும். காலையில் கோயம்பேட்டில் காய் எடுத்து மாலையில் தெருவில் விற்கும் பெண்ணுக்கு இந்தப் பணம்தான் முதல். குழுவின் உள்கடன் அந்த 1,500-இல் பெரும்பகுதியை அவர் வீட்டிலேயே தங்க வைக்கிறது. ஏழை என்ற நிலையிலிருந்து அவரை ஒரே தாவலில் மேலே தூக்கிவிடாது. ஆனால் பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் சீருடைக்காகத் தாலிக்கொடி அடகுக்கடைக்குப் போகாமல் காக்கும்.

நுண்கடன் வறுமையை ஒழிக்குமா என்ற கேள்விக்கு ஆய்வாளர்கள் முப்பது ஆண்டுகளாக விடை தேடிவருகிறார்கள். 1996-இல் வங்கதேசத்தைப் பற்றி இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. கடன் திட்டத்தில் சேர்ந்த பெண்கள் வெளியே போய் வருவதிலும், சொந்தமாகப் பொருள் வாங்குவதிலும், குடும்ப முடிவுகளில் பேசுவதிலும் முன்னேறியிருக்கிறார்கள் என்றது ஹாஷெமி, ஷூலர், ரைலி மூவரின் ஆய்வு. ஆன் மேரி கோட்ஸும் ரீனா சென் குப்தாவும் வேறொன்றைக் கேட்டார்கள்: வாங்கிய கடனை எதில் போடுவது என்று தீர்மானித்தது யார்? ஏறத்தாழ 37 சதவீதப் பெண்கள்தான் கடனை முழுமையாகவோ பெருமளவிலோ தம் கட்டுப்பாட்டில் வைத்திருந்தார்கள். மற்றவர்களின் கடன் பகுதியாகவோ முழுதாகவோ கணவர், மகன், மற்ற ஆண்கள் ஆகியோரின் கட்டுப்பாட்டுக்குப் போயிருந்தது. தவணை கட்டும் பொறுப்பு மட்டும் பெண்ணின் தலையில் நின்றது.

இரண்டு ஆய்வுகளும் உண்மையைத்தான் சொன்னன. ஒன்று பெயரைப் பார்த்தது, மற்றது கையைப் பார்த்தது.

அடுத்து ஹைதராபாத். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட பொருளியலாளர்கள் அந்நகரின் 104 ஏழைக் குடியிருப்புப் பகுதிகளை எடுத்து, குலுக்கல் முறையில் 52 பகுதிகளில் மட்டும் முதலில் நுண்கடன் கிளைகள் திறக்கச் செய்து ஒப்பிட்டார்கள். ஏற்கெனவே சிறுதொழில் நடத்தியவர்கள் தொழிலை விரித்தார்கள். தையல் இயந்திரம், மிதிவண்டி போன்ற நீடித்த பொருள்களுக்குச் செலவு கூடியது. புகையிலை, பாக்கு, டீக்கடைச் செலவு குறைந்தது. ஆனால் குடும்பத்தின் மொத்த நுகர்வு குறிப்பிடத்தக்க அளவில் உயரவில்லை. பிள்ளைகளின் படிப்பிலும் உடல்நலத்திலும், வீட்டில் பெண்ணின் சொல்லுக்கிருந்த மதிப்பிலும் மாற்றம் தெரியவில்லை. 2015-இல் இந்த ஆய்வோடு போஸ்னியா, எத்தியோப்பியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ ஆய்வுகளும் சேர்ந்து வெளிவந்தன. ஆறு நாட்டிலும் ஏறக்குறைய ஒரே விடை: நுண்கடன் சிலருக்கு உதவுகிறது, வாழ்க்கையைப் புரட்டிப்போடவில்லை.

ஏன் இப்படி? ஒரு காரணம் தவணையின் வேகத்தில் இருக்கிறது. சினைமாடு வாங்கிய பெண்ணுக்குப் பால் பணம் வர மாதங்கள் ஆகும். டியூ அடுத்த வாரமே வந்துவிடும். அதனால் பணம் மாட்டுக்கோ தறிக்கோ போவதில்லை. இன்று வாங்கி நாளை விற்கக்கூடிய சில்லறை வியாபாரத்துக்கே போகிறது. எரிகா ஃபீல்டும் ரோகிணி பாண்டேயும் கொல்கத்தாவில் சிலருக்கு மட்டும் முதல் தவணையை இரண்டு மாதம் தள்ளிவைத்துப் பார்த்தார்கள். அந்தப் பெண்கள் தொழிலில் அதிகம் முதலிட்டார்கள். சில ஆண்டுகளில் லாபமும் கூடியது. தவணை தவறியவர்களும் கூடினார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. துணிந்து தொழில் செய்தால் சிலர் தோற்கத்தான் செய்வார்கள். அந்தச் சுமையைக் கொடுப்பவரும் பங்கிட்டுக்கொள்கிறாரா என்பதே கேள்வி. வாரத் தவணைக்குப் பதிலாக மாதத் தவணை வைத்தபோது, கடனை எப்படிக் கட்டுவேன் என்று பதறுவதாகச் சொன்னவர்கள் வெகுவாகக் குறைந்ததையும் அதே ஆய்வாளர்கள் கண்டார்கள்.

கூட்டத்தின் நன்மையும் கொல்கத்தாவில்தான் பதிவானது. வாரம்தோறும் கூடிய குழுப் பெண்கள், மாதம் ஒருமுறை கூடியவர்களைவிட ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் வரும் உறவை வளர்த்துக்கொண்டார்கள். அடுத்த கடனில் அவர்களிடையே தவணை தவறியவர்களும் குறைவு. கூடுவது வேறு, வசூலிப்பது வேறு. வாரம் கூடலாம், மாதம் கட்டலாம்.

இந்த வேறுபாடு மறந்துபோன இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு ஆந்திரம் சாட்சி. 2000-க்குப் பிறகு அங்கே தனியார் நுண்நிதி நிறுவனங்கள் பெருகின. ஒரே தெருவில் நாலைந்து நிறுவனங்களின் ஆட்கள் கடன் கொடுத்தார்கள். ஒன்றைக் கட்ட மற்றொன்றை வாங்கும் நிலை வந்தது. 2006-இலேயே கிருஷ்ணா மாவட்டத்தில் எச்சரிக்கை மணி அடித்தது. 2010 ஆகஸ்டில் ஒரு பெரிய நுண்நிதி நிறுவனத்தின் பங்குகள் சந்தைக்கு வந்து, அதன் மதிப்பு வானளவு பேசப்பட்டது. அதே மாதங்களில் கிராமங்களிலிருந்து தற்கொலைச் செய்திகள் வந்தன. ஒருவர் கட்டத் தவறினால் மற்ற பெண்களை அவர் வாசலில் உட்கார வைப்பது வசூல் முறையாகியிருந்தது. கூடிப் பேசுவதற்கென்று ஏற்பட்ட குழு, ஒரு பெண்ணை அவமானப்படுத்தும் கருவியாகத் திரிந்தது.

2010 அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. வசூல் ஊராட்சி அலுவலகம் போன்ற பொது இடத்தில்தான் நடக்க வேண்டும், தவணை மாதக் கணக்கில் இருக்க வேண்டும் என்றது. திருப்பிக் கட்டுவது ஏறக்குறைய நின்றேபோனது. அதன் விளைவாக நாடு முழுக்க நுண்கடன் சுருங்கியது. எமிலி பிரேசாவும் சிந்தியா கின்னனும் பிறகு செய்த ஆய்வில், ஆந்திரத்துக்கு வெளியே கடன் வறண்ட மாவட்டங்களில் கூலி வேலைக்குப் போவோரின் கூலியும் குடும்பங்களின் நுகர்வும் குறைந்தது தெரியவந்தது. கடன் வாங்கிச் சிறுதொழில் நடத்தியவர்கள் தொழிலைச் சுருக்கினால், அவர்களிடம் வேலைக்குப் போனவர்களும் அடிபடுகிறார்கள். நுண்கடனே வேண்டாம் என்று கை கழுவ முடியாது என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

இலங்கையின் வடக்கு, கிழக்குப் பகுதிகளில் துயரம் இன்னும் கூர்மையாக இருந்தது. 2009-இல் போர் முடிந்து, வீடும் தொழிலும் இழந்து மீள்குடியேறிய ஊர்களுக்குள் நுண்கடன் நிறுவனங்கள் வந்தன. கணவரை இழந்தோ, காணாமல் போன கணவரைத் தேடியோ தனித்துக் குடும்பத்தைச் சுமந்த பெண்கள்தான் வாடிக்கையாளர்கள். தொழிலே எழும்பாத மண்ணில், கடன் வீடு கட்டவும் சோறு உண்ணவும் போனது. கிழமைதோறும் கட்ட வேண்டிய காசு மட்டும் தப்பாமல் வாசலுக்கு வந்தது. உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகள் தொடர்ந்த பின், 2018-இல் அரசு வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன் பாக்கிக்கு நிவாரணம் அறிவித்தது. நுண்கடன் வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பும் வந்தது. 2021-இல் சிங்களப் பகுதியான ஹிங்குராக்கொடையில் கடன்பட்ட பெண்கள் வாரக் கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். மொழி வேறாயினும் வடக்கில் பட்ட பாடும் அங்கே பட்ட பாடும் ஒன்றே.

இந்தியாவில் நுண்நிதித் துறையை ஆராய்ந்த மாலேகாம் குழு 2011-இல் அறிக்கை கொடுத்தது. ரிசர்வ் வங்கி நுண்நிதி நிறுவனங்களுக்கெனத் தனி வகையை ஏற்படுத்தியது. 2022-இல் வந்த விதிகளின்படி, ஆண்டு வருமானம் மூன்று லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு அடமானமின்றிக் கொடுப்பது நுண்கடன். ஒரு குடும்பம் எல்லாக் கடனுக்கும் சேர்த்து மாதம் கட்டும் தொகை அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழகச் சட்டமன்றம் 2025-இல் ஒரு சட்டமும் நிறைவேற்றியிருக்கிறது.

விதி இருந்தாலும் கணக்குத் தெரிய வேண்டும். பத்தாயிரம் ரூபாய்க்கு நூற்றுக்குப் பன்னிரண்டு என்று சொல்லி, 1,200 ரூபாய் வட்டியைச் சேர்த்துப் பன்னிரண்டு சம தவணையாகக் கட்டச் சொன்னால், அது பன்னிரண்டு சதவீதம் ஆகாது. முழுப் பத்தாயிரமும் கையில் இருப்பது முதல் மாதம் மட்டுமே. மாதம்தோறும் அசல் குறைந்துகொண்டே வர, வட்டி மட்டும் முழுத் தொகைக்கும் ஓடுகிறது. உண்மையான வட்டி 21 சதவீதத்தைத் தாண்டும். பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் இந்த ஒரு கணக்கு இருந்தால் எத்தனையோ குடும்பங்களுக்குப் பயன்படும்.

பணம் பெண்ணின் கையில் நிற்க என்ன வழி? மத்தியப் பிரதேசத்தில் நூறு நாள் வேலைத்திட்டக் கூலியை, கணவரின் கணக்கில் போடாமல் பெண்ணின் சொந்தக் கணக்கிலேயே போட்டு, கணக்கை இயக்கவும் கற்றுக்கொடுத்த ஆய்வு ஒன்று நடந்தது. அந்தப் பெண்கள் வேலைக்குப் போவது கூடியது. பெண் வேலைக்குப் போவது குறித்த அவர்களின் எண்ணமும் மாறியது. கடனே இல்லாமல் ஒரு பாஸ்புக் அதைச் செய்தது.

கடன் தாங்கவே முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு வேறு வழி வேண்டும். வங்கதேசத்தின் பிராக் அமைப்பு 2002-இல் அதற்கொரு திட்டம் தொடங்கியது. பரம ஏழைப் பெண்ணுக்கு ஆடோ மாடோ இலவசமாகக் கொடுத்து, முதல் சில மாதங்களுக்குச் சாப்பாட்டுச் செலவுக்குப் பணம் தந்து, வளர்க்கப் பயிற்சி அளித்து, சேமிக்கவும் பழக்கினார்கள். 2015-இல் ஆறு நாடுகளில் இதை அளந்தபோது, உதவி நின்ற ஓராண்டுக்குப் பிறகும் பெரும்பாலான இடங்களில் உணவும் வருமானமும் உயர்ந்தே இருந்தன. இந்தப் பெண்களிடம் கடன் பத்திரத்தை நீட்டுவது, நடக்கத் தொடங்காத குழந்தையிடம் குடத்தைக் கொடுப்பது போன்றது.

இங்கே வங்கி அலுவலர்களும் கல்லூரி மாணவர்களும் இருக்கிறீர்கள். அடுத்த முறை ஒரு குழுவைப் பார்க்கப் போகும்போது, கடன் எத்தனை லட்சம் என்று கேட்பதற்கு முன் தீர்மான நோட்டை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். கடைசி மூன்று கூட்டங்களுக்கு எத்தனை பேர் வந்தார்கள்? பேசியவர்களின் பெயர்கள் மாறி மாறி வருகின்றனவா, ஊக்குநரின் பெயர் மட்டும் இருக்கிறதா? உள்கடன் கேட்டு மறுக்கப்பட்டவர் யார், காரணம் எழுதியிருக்கிறதா? தவணை தவறியவருக்கு அவகாசம் கொடுத்ததாக ஒரு வரியாவது உண்டா? பிறகு கடன் வாங்கிய அக்காவிடம் தனியே, அவர் கணவர் பக்கத்தில் இல்லாத நேரத்தில், அந்தப் பணம் எதற்குப் போனது என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை அப்படியே எழுதிக்கொண்டு வாருங்கள்.